கற்புக்குக் காவல் நிற்கும் வேலை நமக்கெதற்கு?

(ஆழ்வார்திருநகரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தனிமனித ஒழுக்கம், மதம், சமூகத்தின் சகிப்புத்தன்மை எதுவரை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸில் பார்த்தபோதே ஒரு வார்த்தை உறுத்தியது. சகிப்பு. பல்வலியைச் சகிக்கிறோம். பஸ்ஸில் பக்கத்து ஆளின் வேர்வை நாற்றத்தைச் சகிக்கிறோம். சகிக்கிறவன் ஒருத்தன், சகிக்கப்படுகிறவன் இன்னொருத்தன். ஊர்த்தெருக்காரரைக் கேட்டால் சொல்லுவார்: "உங்களையெல்லாம் நாங்க எவ்வளவு சகிச்சிக்கிட்டுப் போறோம் தெரியுமா?" நாம என்னய்யா, பல்வலியா? ஆகவே கொஞ்சம் சகிப்புத்தன்மை கொடுங்கள் என்று யாரிடமும் கையேந்துகிற பேச்சு அல்ல இது. நாம் எதைச் சகிக்க மறுக்கிறோம், உண்மையில் எதைச் சகிக்காமல் இருந்திருக்க வேண்டும், இந்த ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கா என்று பார்க்க வேண்டும். அதில் நம்ம இயக்கங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. கோபம் வந்தால் கேள்வி நேரத்தில் தீர்த்துக்கிடுங்க.

2005 செப்டம்பர். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் பாதிப்பேர் அப்போ பிறந்திருக்க மாட்டீங்க, பிறந்திருந்தாலும் தொட்டில்லதான். இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பு, பாலுறவுப் பழக்கங்கள் பற்றி ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. அதையொட்டி நடிகை குஷ்புவிடம் கருத்துக் கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் உறவு வைத்துக்கொள்கிற பெண்கள் நோயிலிருந்தும் கர்ப்பத்திலிருந்தும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும், படித்த ஆண் எவனும் வரப்போகிற மனைவி கன்னியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்கிற பொருளில் அவர் சொன்னார். அவ்வளவுதான். ஒரு சுகாதார நர்ஸ் அம்மா நம்ம தெருவுக்கு வந்து சொல்லக்கூடியதுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தமிழ்நாடு பற்றிக்கொண்டது. தமிழ்ப் பெண்களின் கற்பைக் கேவலப்படுத்திவிட்டார் என்றார்கள். துடைப்பமும் செருப்பும் தூக்கிக்கொண்டு ஊர்வலம். கொடும்பாவி. அவர் மன்னிப்புக் கேட்டார், அதுவும் போதவில்லை. ஆதரித்துப் பேசிய சுகாசினிக்கும் அதே மரியாதை நடந்தது. ஊர் ஊராக நீதிமன்றங்களில் வழக்குப் போட்டார்கள். நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்த அந்தப் பெண் மீது தக்காளியும் அழுகின முட்டையும் வீசினார்கள். யார் முன்னால் நின்று இதைச் செய்தது? பாட்டாளி மக்கள் கட்சி. கூடவே, தோழர்களே, விடுதலைச் சிறுத்தைகள். தமிழ்ப் பாதுகாப்பு என்ற பேரில் மருத்துவர் ராமதாசும் தோழர் திருமாவளவனும் ஒரே மேடையில் நின்ற காலம் அது.

எதுக்கு இந்தப் பழைய கதை என்று சிலர் நெளிகிறார்கள். நம் கட்சிக்காரர்கள் ஏன் அங்கே போய் நின்றார்கள் என்று நாம் இன்றுவரை உட்கார்ந்து பேசவில்லை என்பதால்தான்.

அதற்கு ஒரு காரணம் எனக்குப் புரியவே செய்கிறது. காலம் காலமாக நம்மைப் பார்த்து என்ன சொல்லி வைத்திருக்கிறான்? 'உங்க பொம்பளைகளுக்கு ஒழுக்கம் கிடையாது.' நாற்று நடப் போனவள், களத்துமேட்டில் நெல் தூற்றினவள், ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனவள், அவளை வரப்பிலே மறித்தவனுக்கு ஒழுக்கம் உண்டு, மறிக்கப்பட்ட அவளுக்கு ஒழுக்கம் கிடையாது. இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வந்த ஆண் நாலு எழுத்துப் படித்து வெள்ளைச் சட்டை போட்டதும் முதல் காரியமாக என்ன செய்கிறான் என்றால், பெண்டாட்டியை வீட்டுக்குள்ளே வைக்கிறான். எங்க வீட்டுப் பொம்பளைகளும் மானமுள்ளவங்கதான் என்று நிரூபிக்கணும். யாரிடம்? வரப்பிலே மறித்தானே, அவனிடம்.

நம் பாட்டிமார் இப்படி இருந்ததில்லை. பிடிக்காத புருசனைத் தீர்த்துவிட்டு வேறொருவனைக் கட்டுகிற வழக்கம் நம் தெருவில் இருந்தது. தாலி அறுத்தவள் இன்னொருத்தனைக் கட்டுவது நடந்தது. அதற்காக நம் தெருவில் எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று கதைவிட மாட்டேன். அடி உதை இருந்தது, பஞ்சாயத்தில் ஆண்கள் பேசினால் பெண் வாய் திறக்க முடியாது. பாமா 1994-இல் 'சங்கதி'யில் ரெண்டையும் எழுதிவிட்டார், படிக்காதவர்கள் படியுங்கள். ஆனால் கைம்பெண்ணை மூலையில் உட்கார வைக்கிறதையும், வாழாவெட்டி என்று ஒருத்தியை முத்திரை குத்துகிறதையும் நாம் மேலே இருந்து இரவல் வாங்கினோம். இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. என்றைக்காவது உடையவன் வந்து கேட்பான்.

வந்து கேட்டான். 2012 நவம்பர் 7. தர்மபுரி நாய்க்கன்கொட்டாய். வன்னியப் பெண்ணும் தலித் இளைஞனும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதற்காக நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகள் எரிந்தன. 250 வீடுகளுக்கு மேல். சர்டிபிகேட், ரேஷன் கார்டு, பெங்களூரில் கூலி வேலை பார்த்து வாங்கின மோட்டார் சைக்கிள், எல்லாம் கரி. அடுத்த வருசம் ஜூலையில் அந்தத் தம்பி ரயில் தண்டவாளத்துப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான். எங்க பையன்கள் ஜீன்ஸும் கூலிங்கிளாசும் போட்டு அவர்கள் பெண்களை மயக்குகிறார்கள், இது காதல் இல்லை நாடகம் என்று அப்போது ஊர் ஊராகப் பேசியது யார்? 2005-இல் கற்புக்காக நம்மோடு தோள் சேர்ந்து நின்ற அதே மருத்துவர்தான். ஏழே வருசம்.

அவர் மாறிவிட்டார் என்று சொல்லுவீர்கள். இல்லை, அவர் மாறவே இல்லை. 2005-இலும் 2012-இலும் அவர் பேசியது ஒரே விசயம்தான், பெண்ணின் உடம்புக்கு ஒரு வேலி உண்டு, அந்த வேலிக்குக் காவல் சமூகம். முதல் தடவை வேலிக்கு வெளியே நின்றவர் பம்பாயிலிருந்து வந்த நடிகை, ரெண்டாம் தடவை வேலிக்கு வெளியே நின்றவன் நம்ம வீட்டுப் பையன். வேலி போடுகிறபோது நாமும் கம்பு ஊன்றிக் கொடுத்தோம் என்பதுதான் என்னுடைய வருத்தம்.

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தைப் புரட்டினால் முதல் அத்தியாயத்தின் தலைப்பே 'கற்பு'தான். அம்பேத்கரிடம் போனால் இன்னும் அடி ஆழத்துக்குப் போகலாம். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறபோது, 25 வயதில், சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். அகமணம் நீடிக்க வேண்டுமென்றால் பெண்ணைக் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். புருசன் செத்துப்போனால் மிஞ்சுகிற பெண் என்ன ஆவாள், வேறு ஆளைப் பார்த்துவிட்டால்? அதனால் அவளை எரி, எரிக்க மனசு வராவிட்டால் கட்டாய விதவையாக உட்காரவை, பெண்டாட்டி செத்து மிஞ்சுகிற ஆணுக்குச் சின்னப்பிள்ளையைப் பிடித்துக் கட்டிவை. உடன்கட்டையும் விதவைக்கோலமும் குழந்தைக் கல்யாணமும் சாதிக்காரன் தன் கணக்கை நேர் செய்கிற வழிகள் என்று காட்டினார். பாங்கில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எங்களை வீட்டுக்குப் போக விடமாட்டார்கள், அந்த மாதிரிதான். சாதிக் கணக்கு டேலி ஆவதற்குப் பெண்ணை எரித்தார்கள். கற்பு என்கிற சொல்லை இந்தக் கணக்கிலிருந்து பிரித்து யாராவது எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இங்கே ஒரு பெரியவர் கூட்டத்துக்கு முன்னாலேயே என்னை மடக்கினார். "அம்பேத்கரே ஒழுக்கம் பேசினவர்தானே தம்பி? 1936-லே காமாத்திபுரத்துப் பெண்களைக் கூப்பிட்டு அந்தத் தொழிலை விடச் சொன்னாரே?" நல்ல கேள்வி. ஆமாம், 1936 ஜூன் மாதம் பம்பாய் தாமோதர் ஹாலில் பேசினார். மதமாற்றத்துக்கு ஆதரவு தெரிவித்துக் கூடிய பெண்கள் அவர்கள். எங்களோடு வரவேண்டுமானால் இந்த வாழ்க்கையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கடுமையாகவே சொன்னார். அந்தக் கடுமை எனக்கு முழுக்க உவப்பானது என்று சொல்ல மாட்டேன். பசிக்குத் தொழில் செய்கிறவளிடம் மானத்தை மட்டும் பேசினால் போதாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவர் அந்தப் பெண்களை எதிரே உட்காரவைத்து, நீங்கள் எங்கள் ஆட்கள் என்று சொல்லி, முகத்துக்கு நேரே பேசினார். அவர்கள் வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பவில்லை. வழக்குப் போடவில்லை. முட்டை வீசவில்லை. ஒருவருடைய வாழ்க்கை சரியில்லை என்று நினைக்கிற உரிமை எனக்கு உண்டு, அதை அவரிடம் சொல்லுகிற உரிமையும் உண்டு. சொல்லிக் கேட்காவிட்டால் அடிப்பேன், ஊரைவிட்டு விலக்குவேன், கோர்ட்டுக்கு இழுப்பேன் என்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? ஒழுக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ரெண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். எதிர்த்து எழுதினால் 'சகிப்புத்தன்மை இல்லை' என்கிறார்கள், வெட்டினால் 'மக்களின் உணர்வு' என்கிறார்கள்.

குஷ்பு வழக்கு என்ன ஆச்சு? சென்னை உயர்நீதிமன்றம் 2008-இல் வழக்குகளை ரத்துசெய்ய மறுத்துவிட்டது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் 23 புகார்களையும் ஒரேயடியாகத் தள்ளியது. புகார் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கட்சியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதையும் சுட்டிக்காட்டியது. சமூக ஒழுக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற விசயம், அதைக் காக்கிறேன் என்று கிரிமினல் சட்டத்தைத் தனிமனித வாழ்க்கைக்குள் நுழைக்கக் கூடாது என்றது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ரெண்டு. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் கே.ஜி. பாலகிருஷ்ணன், இந்த நாட்டின் முதல் தலித் தலைமை நீதிபதி. அதைவிட முக்கியம், வயதுவந்த ஆணும் பெண்ணும் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சொல்ல அந்தத் தீர்ப்பு கைகொண்ட முன்தீர்ப்பு எது தெரியுமா? 2006-இல் வந்த லதா சிங் வழக்கு. உத்தரப்பிரதேசத்தில் சாதிமாறிக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் வழக்கு. அண்ணன்மார் சேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் மேல் கடத்தல் வழக்குப் போட்டு உள்ளே தள்ளியிருந்தார்கள். உச்சநீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது, சாதிமறுப்புத் திருமணம் தேச நலனுக்கு நல்லது என்றும் சொன்னது. ஆக ஒரு நடிகையின் பேச்சைக் காப்பாற்றினது சாதிமறுப்புத் திருமணத் தீர்ப்பு. எந்த இழை எதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்று நமக்கு முன்னால் நீதிபதிகள் கண்டுகொண்டார்கள். சாதி ஒழிப்பைக் கொடியில் எழுதியிருக்கிற நாம் அன்றைக்குத் துடைப்பத்தோடு நின்றோம்.

கதை அதோடும் முடியவில்லை. 2020 செப்டம்பரில் தோழர் திருமாவளவன் இணையவழிக் கூட்டம் ஒன்றில், மனுதர்மம் பெண்களை எப்படி இழிவுசெய்கிறது என்று பேசினார். சரியாகத்தான் பேசினார். நூலில் இருப்பதை எடுத்துச் சொன்னதற்கு, இந்துப் பெண்களை அவரே இழிவுபடுத்திவிட்டதாகத் திருப்பினார்கள். அக்டோபரில் போலீஸ் வழக்கு. அதே மாதம் பா.ஜ.க.வில் சேர்ந்திருந்த குஷ்பு, சிதம்பரத்தில் திருமாவளவனுக்கு எதிராக நடக்கவிருந்த ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்பி, வழியில் 27-ஆம் தேதி கைதானார். பார்த்தீர்களா? 2005-இல் பெண்ணை இழிவுபடுத்திவிட்டார் என்று அவர் மேல் இவர்கள். 2020-இல் அதே வார்த்தையைச் சொல்லி இவர் மேல் அவர். வார்த்தையைக் காவல்நாய் மாதிரி வளர்த்தால் அது யார் கையில் சோறு இருக்கோ அந்தப் பக்கம் போகும்.

அந்தச் சமயத்தில் மனுநூலைத் தடைசெய் என்று நம் தோழர்கள் கோரினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் மனுவை எரித்தார்கள். தன் கையிலுள்ள பிரதியை எல்லோர் முன்னாலும் எரிப்பது ஒரு பேச்சு, ஊருக்கே கேட்கிற பேச்சு. அடுத்தவன் அலமாரியில் இருப்பதைப் போலீஸை விட்டுப் பறி என்று கேட்பது வேறு. தடைசெய்கிற கையை ஒருதடவை பலப்படுத்திக் கொடுத்தால் அடுத்து அது எந்தப் புத்தகத்துக்கு வரும்? நம்முடையதுக்குத்தான் வரும். தவிர, மனு நம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டுமய்யா. இல்லாவிட்டால் அதில் அப்படி ஒன்றுமே இல்லை என்று சாதித்துவிடுவான்.

சரி, மதம் என்கிறோம். ஆழ்வார்திருநகரியில் நின்றுகொண்டு மதத்தைப் பேசாமல் போனால் அந்தப் புளியமரமே சிரிக்கும். ஆதிநாதர் கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்பதும், பார்ப்பனரான மதுரகவி அவருக்குச் சீடரானார் என்பதும் குருபரம்பரைக் கதை. மதம் எவ்வளவு தாராளம் பாருங்கள் என்று இதை நமக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தத் தாராளம் நம் தெரு வரைக்கும் நடந்து வந்ததா என்று கேட்டால் பேச்சு மாறும். கோயில் கதவு நமக்குத் திறக்க 1939-லும் 1947-லும் சட்டம் போட வேண்டியிருந்தது. அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

திருவாய்மொழியில் நூறு பதிகம். அதில் 27 பதிகம் பெண் குரலில் நடக்கிறது. மகளாக 17, தாயாக 7, தோழியாக 3. பராங்குச நாயகி என்று அந்தப் பெண்ணுக்குப் பேர். அவள் என்ன, அடக்க ஒடுக்கமாகத் தாலி கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறாளா? இல்லை. ஆசைப்படுகிறாள், வாய்விட்டுச் சொல்லுகிறாள். ஊர் பேசுகிற பழி தன் ஆசைக்கு எருவாகிப் போச்சு என்கிறாள். மடலேறுவேன் என்று மிரட்டுகிறாள். ஒரு பதிகத்தில் தாய் அழுகிறாள், மகள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள், தனியாக. எங்கே? திருக்கோளூருக்கு. இங்கேயிருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர், சைக்கிளில் போனால் கால்மணி நேரம். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன சொல்லப் போகிறார்களோ என்றும் அந்தத் தாய்க்குக் கவலை. எந்தத் தாய்க்கும் வருகிற கவலைதான். ஆனால் அண்ணன்மாரைக் கூட்டி அரிவாளோடு திருக்கோளூருக்கு அவள் ஆள் அனுப்பவில்லை. இன்னொரு பதிகத்தில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தொலைவில்லிமங்கலத்தைப் பார்த்து மனசைவிட்ட பெண்ணைப் பற்றித் தோழி தாய்மாரிடம் பேசுகிறாள். இனி இவள் உங்கள் கைக்குள் நிற்க மாட்டாள், விட்டுவிடுங்கள் என்கிறாள்.

அது ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுவது, அதைப் போய் இப்படிப் பார்க்கலாமா என்று ஈட்டு வியாக்கியானம் படித்தவர்கள் கேட்பார்கள். சரி சாமி, அப்படியே இருக்கட்டும். ஆனால் பெருமாளைத் தேடுகிற ஆத்மாவுக்கு உருவம் கொடுக்க உங்கள் ஆழ்வாருக்குக் கிடைத்தவள் யார்? வாசல்படி தாண்டினவள். அவள் பாட்டைக் கோயிலில் கைகட்டி நின்று சேவிக்கிறீர்கள். வைகாசியில் ஒன்பது கருடன் வருகிற அன்று கூட்டம் தாங்காது. அதே பெண் இன்றைக்கு உங்கள் வீட்டில் பிறந்து, அவள் தேடிப்போகிறவன் காலனிப் பையனாக இருந்தால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஏரல் பக்கத்தில் ஆறுமுகமங்கலம். அந்த ஊர்ப் பையன், தேவேந்திரர், 27 வயது, ஐ.டி. கம்பெனி வேலை. 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, தாத்தாவை வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனான். அந்தச் சித்த மருத்துவமனையில் டாக்டராக இருந்த பெண்ணும் அவனும் பழகியவர்கள். அங்கேயே தெருவில் வெட்டிக் கொன்றார்கள். கைதானவர் அந்தப் பெண்ணின் சகோதரர். பெண்ணின் தாய் தகப்பன் ரெண்டுபேருமே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள். படிப்பு இருந்தால், சம்பளம் இருந்தால், நல்ல சட்டை இருந்தால் சாதி தள்ளி நிற்கும் என்று நம் தகப்பன்மார் நம்பிப் படிக்க வைத்தார்களே, அந்த நம்பிக்கையை வெட்டினார்கள். பையனின் பெற்றோர் நாள் கணக்கில் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்தார்கள். இங்கே இருக்கிற பலபேர் அந்தத் தெருவுக்குப் போயிருப்பீர்கள். நான் அதிகம் சொல்லவில்லை.

கொன்றவர்களைக் கேட்டால் என்ன சொல்லுவார்கள்? மானம். எங்க வீட்டுப் பெண்ணின் ஒழுக்கம். எங்களால் சகிக்க முடியவில்லை. இந்த மூணு சொல்லையும் 2005-இல் நம் ஊர்வலத்தில் மைக்கில் சொன்னோம் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பாங்கில் கவுண்டரில் உட்காருகிறவன் என்பதால் ஒரு சின்ன விசயம் சொல்லுகிறேன். சில வருசத்துக்கு முன்னால் நடந்தது. ஒருநாள் ஒரு தகப்பனார் வந்தார். மரியாதைப்பட்டவர், வேட்டி கசங்காத ஆள். மகளுடைய கணக்கில் எந்த ஊர் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்திருக்கு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். மகளுக்கு 22 வயது, கணக்கு அவள் பேரில். 'சொல்ல முடியாது அண்ணாச்சி' என்றேன். 'பெத்த தகப்பன் கேக்கேன்' என்றார். கண்ணில் தண்ணி நின்றது, அது பொய்க் கண்ணீர் இல்லை. பின்னாலே வாசலில் நாலு பேர் பைக்கோடு நின்றதையும் பார்த்தேன். நான் சொல்லவில்லை. அந்தப் பெண் செய்தது சரியா தப்பா, கூட்டிப்போனவன் நல்லவனா, எனக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கணக்கு வைத்திருப்பவருடைய விவரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று விதி. தகப்பனாருடைய துக்கத்துக்கு நான் மனசு இறங்கலாம், விதி இறங்காது.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது அரசியல் சட்ட ஒழுக்கம் என்று ஒன்றைச் சொன்னார். அது மனுசனுக்குத் தானாக வருவதில்லை, பழக்கி வளர்க்க வேண்டியது, நம் மக்கள் இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்றார். படிக்கிற காலத்தில் எனக்கு அது புரியவில்லை. கவுண்டரில் உட்கார்ந்தபிறகு கொஞ்சம் புரிந்தது. எனக்குப் பிடிக்கிறதா என்பதைக் கேட்காத ஒரு ஒழுக்கம் அது. அந்தச் சொல்லை வைத்துத்தான் 2018 செப்டம்பரில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஐ உச்சநீதிமன்றம் வயதுவந்தவர்கள் மட்டில் நீக்கியது. பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை என்பது குற்றத்துக்குக் காரணமாகாது. இந்த நாட்டில் பெரும்பான்மைக்குப் பிடிக்காதவர்கள் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிற நாம் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நம் தெருவில் எத்தனை பேர் அப்படிக் கொண்டாடினோம்? திருநங்கைப் பிள்ளைகளை நம் தெருவும்தான் துரத்துகிறது.

நம் தெருவைப் பற்றி இன்னும் ஒன்று கேட்கிறேன். பள்ளர் வீட்டுப் பெண் அருந்ததியப் பையனோடு போனால்? பறையர் வீட்டுப் பிள்ளை புதிரை வண்ணார் வீட்டுப் பெண்ணைக் கட்டினால்? ஆதிக்க சாதிக்காரன் கொன்றால் போஸ்டர் ஒட்டுகிறோம். நம் தெருவில் ஒரு பெண்ணை வீட்டில் பூட்டிவைத்து அடித்தால் 'குடும்ப விசயம்' என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறோம். நான் எந்தச் சம்பவத்தையும் பேர் சொல்லிச் சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்பும் என்று எனக்குத் தெரியும்.

கொள்கை பேசிப் போதும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஜோடி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்யணும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டுபேரும் இந்துக்கள் என்றால் 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வக்கீல்களும் நண்பர்கள் என்ற முறையில் முன்னின்று நடத்தலாம். ஒருத்தர் இந்து, ஒருத்தர் கிறிஸ்தவர் என்றால்தான் சிக்கல். இந்தக் கடற்கரைப் பக்கம் அது அடிக்கடி நடக்கும். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போனால் முப்பது நாள் நோட்டீஸ். பேரும் விலாசமும் பதிவாளர் ஆபீஸ் போர்டில் தொங்கும். அந்த முப்பது நாள் அவர்கள் எங்கே இருப்பார்கள்? அரிவாள் வைத்திருப்பவனுக்கும் போர்டு படிக்கத் தெரியும். அதற்குப் பயந்து அவசரமாக மதம் மாறிக் கட்டிக்கொள்கிறார்கள். தலித் பிள்ளை கிறிஸ்தவத்துக்குப் போனால் 1950 ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். சாதி போகாது, சான்றிதழ் மட்டும் போகும். எந்தப் பக்கம் மாறுவது, மாறாமலே கட்டுவதா என்று அந்த ராத்திரியே முடிவெடுக்கச் சொல்லி அவர்களை நெருக்காதீர்கள்.

2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் மாவட்டம்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வைக்கச் சொன்னது. நம் மாவட்டத்தில் அந்தப் பிரிவின் போன் நம்பர் என்ன என்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே எஸ்.பி. ஆபீசில் எழுத்து மூலமாகக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 2025 அக்டோபரில் ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வேண்டும், கேட்போம். ஆனால் அந்த ஜோடி கதவைத் தட்டுகிற ராத்திரிக்கு நீங்கள்தான் இருப்பீர்கள்.

கதவைத் திறந்ததும் அந்தப் பெண்ணிடம் 'நீ என்ன ஆளு?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை நாள் பழக்கம்', 'கல்யாணம் ஆயிட்டா' என்றும் கேட்காதீர்கள். வயசு பதினெட்டு ஆச்சா என்று கேளுங்கள், பையனுக்கு இருபத்தொன்று. டி.சி., ஆதார் கையில் இருக்கா என்று பாருங்கள். சாப்பிட்டாங்களா என்று கேளுங்கள். போனை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஏ.டி.எம். கார்டைக் கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், எல்லாக் கவுண்டரிலும் ஒரே மாதிரி ஆள் உட்கார்ந்திருக்க மாட்டான்.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். திருச்செந்தூர் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி வண்டி இருக்கிறது, அதற்குள் கேள்விகளுக்கு வந்துவிடுவோம். முன்வரிசைப் பெரியவர் எப்போதிருந்தோ கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.